உயர்தர ஹெட்போன் வாங்குவதில் எதற்கு முன்னுரிமை: தள்ளுபடி விலைக்கா, கடையின் சேவைக்கா?

கோவைவாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 600 ஹெட்போனைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நான், இப்போது அதற்கு மேல்நிலையில் உள்ள ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். படித்ததையும் கேட்டதையும் வைத்துப் பார்த்ததில், அதே நிறுவனத்தின் எச்.டி. 800 எஸ், ஹைஃபைமேன் நிறுவனத்தின் ஆர்யா ஆகிய இரண்டும் மனத்தில் நிற்கின்றன. இரண்டையும் இயக்கக்கூடிய ஆம்ப்ளிஃபயர் வீட்டில் இருக்கிறது. நான் கேட்பவற்றில் பெரும்பகுதி கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள். மீதி எழுபது, எண்பதுகளின் திரையிசை.

எங்கே வாங்குவது என்பதில்தான் குழப்பம். சென்னையில் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் ஒருவர், கடையிலேயே அமர்ந்து கேட்டுப் பார்க்க வசதி செய்து தருகிறார். போய் நிதானமாகக் கேட்டும் வந்தேன். அவசரப்படுத்தவும் இல்லை, அருகில் நின்று ‘எது பிடித்தது’ என்று துளைக்கவும் இல்லை. ஆனால் எச்.டி. 800 எஸ்-க்கு அவர் சொல்லும் விலையைவிட, இணையத்தில் மட்டும் விற்கும் வேறொருவர் ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார். இருவருமே ஜி.எஸ்.டி. பில் தருவதாகச் சொல்கிறார்கள். சென்னைக் கடையில் தயாரிப்பாளரின் இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. இணைய விற்பனையாளரின் பக்கத்திலோ ‘விற்பனையாளர் உத்தரவாதம், ஓராண்டு’ என்று மட்டும் இருக்கிறது.

சேவை என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு 19 ஆயிரம் ரூபாய் மதிப்பு உண்டா? மேலும், ஒரு கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வேறிடத்தில் வாங்குவது முறைதானா என்ற உறுத்தலும் இருக்கிறது. இத்தகைய விலையில் வாங்கிப் பழக்கப்பட்டவர்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

ஓம்விதி:

நண்பரே, சேவை என்று மொத்தமாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதற்கு விலை போட முடியாது. அதைப் பிரித்துப் பாருங்கள். பெட்டியைத் திறந்ததுமே குறை தெரிந்தால் யார், எத்தனை நாளில் மாற்றித் தருவார்? எட்டாவது மாதத்தில் ஒரு பக்க டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்) செயலிழந்தால், அதை அனுப்பும் கூரியர் செலவும், வழியில் உடைந்தால் ஏற்படும் இழப்பும் யாருடையவை? பதினெட்டாவது மாதத்தில் அதே பழுது வந்தால் பேசுவதற்கு எதிர்ப்பக்கத்தில் யாராவது இருப்பார்களா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இரண்டு விற்பனையாளர்களும் எழுத்தில் தரும் பதில்களுக்கு இடையிலான வேறுபாடுதான் நீங்கள் எடைபோட வேண்டியது. பதில்கள் ஒன்றுபோலவே இருந்தால், தயங்காமல் மலிவான இடத்தில் வாங்கலாம்.

‘விற்பனையாளர் உத்தரவாதம்’ என்பது உங்களுக்குக் கிடைத்துள்ள தகவல்களிலேயே முக்கியமானது. அந்த மாடலின் இந்திய இறக்குமதியாளருக்கோ தயாரிப்பாளருக்கோ அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. பொருளை விற்றவர் தம் பெயரில் கொடுக்கும் வாக்கு மட்டுமே அது. அவர் நேர்மையானவராக இருந்தால்கூட, பழுதான டிரைவருக்கு மாற்று எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற வழியில் வராத சரக்குக்கு, அங்கீகாரம் பெற்ற வழியில் உதிரிபாகம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து கணக்கை முடிப்பார்கள்.

சரக்கு எந்த வழியில் வந்தது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. இந்தியாவில் சில்லறையாக விற்கப்படும் இறக்குமதிப் பெட்டியின் மேல், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அனைத்து வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம். வழக்கமாக அது பெட்டியின் அடிப்பக்கத்திலோ விலாவிலோ ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கராக இருக்கும். இணைய விற்பனையாளரிடம் அந்த ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். படம் வந்தால், அதிலுள்ள இறக்குமதியாளரும் சென்னைக் கடையின் பெட்டியிலுள்ள இறக்குமதியாளரும் ஒருவர்தானா என்று பாருங்கள். ஒருவராகவே இருந்தால், ஓராண்டு என்று அவர் போட்டிருப்பதற்குக் காரணம் கேட்கலாம். சில நேரங்களில் அது வெறும் கவனக்குறைவான விளம்பர வரியாகவும் இருக்கும்.

தள்ளுபடி எந்த விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள எம்.ஆர்.பி. யாரும் கொடுக்காத விலை. அதிலிருந்து 30 சதவீதம் குறைத்ததாகக் காட்டுவது கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். தீபாவளிக் காலத்தில் வங்கி அட்டைக்குக் கிடைக்கும் உடனடிக் கழிவு உண்மையானது. ஆனால் ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்பதில் வட்டியை விற்பனையாளர் கழித்துத் தந்தாலும், அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் அட்டைக் கணக்கில்தான் விழும். தொகை சிறிதுதான் என்றாலும் இரு விலைகளையும் ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு_அந்தப்பக்கம்:

ஒலிக்கருவிக் கடை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, ஆகவே யாருக்காகவும் பரிந்து பேச வேண்டிய தேவையும் இல்லை.

நீங்கள் கேட்டுப் பார்த்த டெமோ ஹெட்போன் கடைக்காரரின் முதலீடு. பல பேர் தலையில் ஏறி இறங்கும் அதன் இயர்பேடுகளை (காதில் படியும் மெத்தைகளை) அவ்வப்போது மாற்ற வேண்டும், கேபிளை மாற்ற வேண்டும், மாடல் பழசானதும் அதை நட்டத்துக்கு விற்க வேண்டும். எங்கள் கடையில் டெமோவுக்கு வந்தவர்களில் கணிசமானோர் கைப்பேசியில் விலையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அதில் எங்களுக்கு மனவருத்தம் உண்டு. ஆனால் கோபம் இல்லை, ஏனென்றால் ஒருவர் இந்தமுறை வாங்காவிட்டாலும் அடுத்தமுறை வருவார் என்பதுதான் அந்தத் தொழிலின் நம்பிக்கை. ஆகவே உறுத்தல் இருக்கிறது என்பதற்காக மட்டும் 19 ஆயிரம் ரூபாயைக் கொடுக்காதீர்கள். அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று கேட்டு, கிடைத்தால் கொடுங்கள்.

நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் உள்ள வேறுபாடு ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். ‘முதல் வாரத்தில் குறை தெரிந்தால் உங்கள் இருப்பிலிருந்து உடனே வேறொன்று தருவீர்களா, இல்லை நிறுவனத்தின் ஒப்புதல் வரும்வரை நான் காத்திருக்க வேண்டுமா?’ என்று கேளுங்கள். உடனே தருகிறேன் என்பவர், நிறுவனத்துடனான இழுபறியைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகை அந்தச் சுமைக்குத்தான். காத்திருக்க வேண்டும் என்பவர், நீங்களே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிச் செய்யக்கூடிய வேலையை உங்கள் சார்பில் செய்கிறார். அதற்கு இவ்வளவு மதிப்பு இல்லை.

உத்தரவாத அட்டையில் வராத சேவையும் இருக்கிறது. காதுப்பகுதியின் வெளிப்பக்கம் அடைக்கப்படாத, திறந்த வகை ஹெட்போன்களில் அடிக்கடி நேரும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் தம் ஹெட்போனின் இடப்பக்க டிரைவர் கிழிந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தார். மிருதங்கத்தின் தொப்பி அதிரும்போது மட்டும் ‘கர்ர்’ என்று ஒரு சொரசொரப்பு. வயலினிலோ குரலிலோ ஒன்றும் இல்லை. இயர்பேடைக் கழற்றி, டிரைவரை மூடியிருக்கும் மெல்லிய துணியை விலக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், ஒரு தலைமுடி டிரைவரின் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாழ்ந்த சுருதியில் சவ்வு அதிகம் அசையும்போது முடி அதில் உரசுகிறது, மேல்சுருதியில் அசைவு குறைவு என்பதால் உரசவில்லை. முடியை எடுத்ததும் சரியாகிவிட்டது. அதே ஹெட்போன் கூரியரில் ஏறியிருந்தால், சர்வீஸ் சென்டரில் பதிவாகி, பரிசோதனைக்குக் காத்திருந்து, திரும்பி வருவதற்குள் அவர் பல வாரங்கள் இசையின்றி இருந்திருப்பார். அவரிடம் நாங்கள் பணம் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் எவ்வளவு வாங்குவது?

பேரம் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கள் பலருக்கு, விளம்பரத்தில் குறிப்பிட்ட விலைக்குக் கீழே போடக்கூடாது என்று நிறுவனத்தின் கட்டுப்பாடு இருக்கும். அது விளம்பர விலைக்குத்தான். தொலைபேசியில் பேசும்போது சற்று இறங்கி வருவார்கள், அல்லது கூடுதல் இயர்பேடு, நல்ல கேபிள், பழைய ஹெட்போனை எடுத்துக்கொள்வது என்று வேறு வழியில் ஈடுகட்டுவார்கள். மற்றவரின் விலையைப் படம் பிடித்துக் காட்டி மிரட்டாதீர்கள். ‘என் வரம்பு இவ்வளவு, உங்களிடமே வாங்க விருப்பம், என்ன செய்ய முடியும்’ என்று கேட்டால் கடைக்காரரும் மனம் வைத்துப் பார்ப்பார்.

பழையன_கழியார்:

மேலே எழுதிய இருவரிடமும் மரியாதை உண்டு. ஆனாலும் சேவை என்பதற்கு இங்கே சற்று அதிகமாகவே மெருகேற்றுகிறோம் என்று நினைக்கிறேன்.

என் அனுபவம் வேறு. முழு விலை கொடுத்து, அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கிய ஒரு ஹெட்போனில் இடம், வலம் ஒலியளவு சமமாக இல்லை. கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பருவமழை வந்து போகும் அளவுக்குக் காலம் கழிந்தபின், ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்ற சீட்டோடு திரும்பி வந்தது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அந்த உத்தரவாதத்துக்காக நான் கூடுதலாகக் கொடுத்த பணம் எதற்கு ஆயிற்று? அங்கீகாரம் என்ற பலகை கடை வாசலில் இருக்கலாம். பழுதைப் புரிந்துகொள்ளும் ஆள் உள்ளே இருக்கிறாரா என்பது வேறு விஷயம்.

ஆகவே, எந்த ஹெட்போன் என்பதைப் பொறுத்தே நான் முடிவெடுப்பேன். உங்களிடம் இருக்கும் எச்.டி. 600-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் வந்த அந்த மாடலில் இயர்பேடு, தலைப்பட்டைப் பஞ்சு, கேபிள், டிரைவர் வரை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். உதிரிபாகமும் இன்றுவரை கிடைக்கிறது. அதைப் போன்ற ஒன்றை எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்கலாம், கடைக்காரர் தேவையே இல்லை. அமெரிக்காவில் மாஸ்டிராப் என்ற இணைய விற்பனைத் தளம் 2016இல் எச்.டி. 650-இன் மறுவடிவத்தை எச்.டி. 6எக்ஸ்.எக்ஸ். என்ற பெயரில் 200 டாலருக்குக் கொடுத்தது நினைவிருக்கலாம். மூலத்தின் பட்டியல் விலை 500 டாலர். கேட்டுப் பார்க்க வசதியில்லை, கடையில்லை, கடலுக்கு இப்பால் இருப்பவருக்குத் திருப்பி அனுப்புவது கனவு. ஆனாலும் உலகெங்கும் மக்கள் வாங்கினார்கள், ஏனென்றால் அந்த வடிவமைப்பு எளிதில் கெடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்று. இத்தகைய பொருள்களின் விலையே நிலையாக இல்லை. 2018இல் 999 டாலருக்கு வந்த ஹைஃபைமேன் அனந்தா, சில ஆண்டுகளில் அதில் பாதிக்கும் கீழே விற்கப்பட்டது. ஆர்யாவைப் புதிதாக, முழு விலையில், சேவைக்காக வாங்குகிறேன் என்பவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். பணத்தை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அரைகுறையாக 19 ஆயிரத்தோடு ஏன் நிற்க வேண்டும்? நன்றாகப் பராமரித்த, கைமாறிய பிரதியை நேரில் கேட்டு வாங்கினால் அதைவிடப் பெரிய தொகை மிச்சமாகும். அதை வங்கியில் போட்டு வையுங்கள். பழுது வந்தால் அதுவே உங்கள் உத்தரவாதம்.

ஓம்விதி:

பழையன_கழியார் சொல்வதில் எச்.டி. 600 பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதே வாதத்தை எச்.டி. 800 எஸ்-க்கு நீட்ட முடியாது. அதன் கேபிள் காதுப்பக்கம் இணையும் முனை கடைத்தெருவில் கிடைக்கும் வகையல்ல; 56 மி.மீ. வளைய டிரைவர் அந்த வரிசைக்கே உரியது. உதிரிபாகங்களின் விலையும் எச்.டி. 600-இன் கணக்கில் இருக்காது. வங்கியில் போட்டு வைத்த 19 ஆயிரம், ஒரு டிரைவர் போனால் போதாமல் போகலாம். ஆர்யாவில் கேபிள் இரு பக்கமும் சாதாரண 3.5 மி.மீ. முனைதான் என்பதால் அந்தத் தொல்லை மட்டும் குறைவு.

சென்ஹைசர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்றும் உண்டு. ஹெட்போன் தயாரிக்கும் அதன் நுகர்வோர் பிரிவு 2022இல் சுவிட்சர்லாந்தின் சோனோவா நிறுவனத்துக்குக் கைமாறியது. மைக்ரோபோன் முதலான தொழில்முறைப் பிரிவு பழைய குடும்ப நிறுவனத்திடமே தொடர்கிறது. பெயர்ப்பலகை ஒன்றாக இருப்பதால், தெரியாமல் ஸ்டுடியோ கருவிகளைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு ஹெட்போனை அனுப்பிவிட்டு அலைந்தவர்கள் உண்டு. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சரியாகத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருப்பதும் ஒரு வசதிதான்.

சிங்கை_வாசகன்:

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் வழியும் சிலருக்குத் தோன்றும் என்பதால் சிங்கப்பூர் நிலவரத்தைக் குறிப்பிடுகிறேன். இங்கே சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகில் அடெல்ஃபி என்ற கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரே மாலையில் பல மாடல்களைக் கேட்டுவிடலாம், விலையும் பேசலாம். சுற்றுலாப் பயணிகள் 9 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெற முடியும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஊருக்குப் போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பச் சொல்பவர்கள் ஏராளம்.

ஆனால் இந்த விலைக் குறைவோடு இங்குள்ள பாதுகாப்பு உங்களோடு விமானத்தில் ஏறாது. சிங்கப்பூரில் 2012 முதல் நடைமுறையில் உள்ள லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. இங்கே வசிப்பவருக்கு அது பெரிய பலம். கோயம்புத்தூரில் இருப்பவர் அந்தக் கடைக்குப் பொருளைத் திருப்பி அனுப்பி, பழுது நீக்கியதை மீண்டும் வரவழைக்கும்போது, இந்தியச் சுங்கத்துறைக்கு இது பழைய பொருள்தான் என்று விளக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பயணப்பெட்டியில் கொண்டு வரும்போதும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் அறிவித்து வரி கட்ட வேண்டும். கட்டியபின் மிச்சம் என்ன என்று பார்த்தால், சில மாடல்களுக்கு ஒன்றுமே இருக்காது.

மேசைக்கு_அந்தப்பக்கம்:

பழையன_கழியார் அவர்களுக்கு நேர்ந்தது போல நடப்பது உண்மைதான், மறுக்கவில்லை. இடவலச் சமமின்மை பற்றிய புகார்களில் பாதி இழுபறி, அதைக் காட்டும் முறையில்தான் இருக்கிறது. ‘ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், சேவை மையத்தில் ஒருவர் காதில் மாட்டிப் பார்த்து, கேட்கிறதே என்று எழுதிவிடுவார். ஹெட்போனைத் திருப்பி, வலதை இடக்காதில் மாட்டியபோதும் குறைவு அதே டிரைவரோடு சேர்ந்து நகர்ந்தது என்று எழுத வேண்டும். நகராமல் அதே காதில் நின்றால் குறை ஹெட்போனில் இல்லை. சங்கடமாக இருந்தாலும், காதில்தான் இருக்கிறது. கேபிளையும் இடவலம் மாற்றிப் பார்த்து (அப்போது குறைவு மற்ற டிரைவருக்கு மாறினால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ கேபிளிலோதான்), எதை மாற்றியபோது என்ன நடந்தது என்பதை நான்கு வரியில் கொடுத்தால், ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதுவது அவர்களுக்குக் கடினம். நல்ல கடைக்காரர் இந்தச் சோதனையை உங்கள் முன்னால் தாமே செய்து, தம் கையெழுத்தில் எழுதி அனுப்புவார். உங்களுக்கு வாய்த்தவர் அதைச் செய்யவில்லை.

பழையன_கழியார்:

கேபிளை மாற்றிப் பார்த்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டியும் பார்த்தேன். குறைவு டிரைவரோடுதான் நகர்ந்தது. எழுதியும் கொடுத்தேன். அந்தக் காகிதம் பெட்டியோடு போனதா என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கடையை நம்புவதற்கு முன் அந்தக் கடையில் பழுதுக்குப் போனவர் ஒருவரை விசாரியுங்கள். விற்பனை செய்யும்போது எல்லாக் கடையும் நல்ல கடைதான்.

கோவைவாசி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடி இருவரிடமும் பேசினேன்.

சென்னைக் கடைக்காரர், முதல் பத்து நாளில் குறை தெரிந்தால் தம் இருப்பிலிருந்து மாற்றித் தருவதாகவும், அதன் பிறகு வந்தால் நிறுவனத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றும், இரண்டு ஆண்டுக்குள் என்றால் அனுப்பும் செலவைத் தாமே ஏற்பதாகவும் மின்னஞ்சலில் எழுதித் தந்தார். விலையைப் பொறுத்தவரை புதிய பெட்டியில் அதிகம் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டு, நான் கேட்டுப் பார்த்த அந்த டெமோ எச்.டி. 800 எஸ்-ஐயே முழு உத்தரவாதத்தோடு, இணைய விலையைவிட ஓரிரு ஆயிரம் மட்டும் கூடுதலாகத் தர முன்வந்திருக்கிறார். ஆர்யாவை விட்டுவிட்டேன். அதன் ஒலி பிடித்திருந்தாலும், ஒரு முழுக் கச்சேரி கேட்கும் நேரத்துக்கு அதன் எடை என் கழுத்துக்கு ஒத்துவரவில்லை. 330 கிராம் உள்ள மற்றது தலையில் இருப்பதே தெரியவில்லை. கடையில் உட்கார்ந்து கேட்காமல் விலைப்பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இணைய விற்பனையாளரிடம் ஸ்டிக்கர் படம் கேட்டதற்கு, ‘பொருள் வந்ததும் பெட்டியில் பார்த்துக்கொள்ளலாம், குறை இருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்’ என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டதற்குப் பதில் இல்லை.

டெமோவை வாங்கலாமா? வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?

மேசைக்கு_அந்தப்பக்கம்:

வாங்கலாம். டெமோவில் தேய்வது இயர்பேடும் தலைப்பட்டையும் கேபிளின் முனையும்தான்; டிரைவர், அளவான ஒலியில் ஓடியிருந்தால், பல மாதம் ஓடியது என்பதாலேயே கெடுவதில்லை. புதிய இயர்பேடு போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த மாடலின் மேல்பூச்சு தேய்ந்தால் பளிச்சென்று தெரியும், விளிம்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். கேபிள் முனைகளை இரு பக்கமும் மெதுவாக அசைத்து, ஒலி விட்டு விட்டு வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே ஒலி உள்ள மோனோ பதிவு ஒன்றை ஓட விடுங்கள். நீங்கள் கேட்கும் பழைய கச்சேரிப் பதிவுகளில் பல அப்படித்தான் இருக்கும். பாடகரின் குரல் நெற்றிக்கு நேரே, அசையாமல் நிற்க வேண்டும். தம்புராவின் தாழ்ந்த சுருதியில் ஒலியைச் சற்று உயர்த்தி, எந்தப் பக்கமாவது உரசல் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் முதலில் முடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், உடனே பயந்துவிட வேண்டாம்.

பில்லில் ‘டெமோ’ என்ற சொல்லோடு, ஹெட்போனின் வரிசை எண்ணும், உத்தரவாதம் தொடங்கும் தேதியும் இருக்கட்டும். கடை அதைத் திறந்த நாளிலிருந்து நிறுவனம் கணக்கிட்டால் ஓராண்டு ஏற்கெனவே கழிந்திருக்கக்கூடும். உங்கள் பில் தேதியிலிருந்து என்று எழுதி வாங்குங்கள்.

ஓம்விதி:

இணைய விற்பனையாளரின் மௌனத்தில் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. விற்பதற்கு முன்பே ஒரு படம் அனுப்பாதவர், பதினோராவது மாதத்தில் டிரைவர் அனுப்புவாரா?

சட்டப்படி பார்த்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. உரிமை வலுவானதுதான். ஆனால் அதைப் பெற ஆகும் காலத்தையும் அலைச்சலையும் மேலே உள்ள கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவர்கள் பில், பெட்டி, ஸ்டிக்கர், பக்கத்தில் இருந்த விளம்பர வரி எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரப் பக்கம் நாளை மாறிவிடும்.

கோவைவாசி:

டெமோவையே எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். புதிய இயர்பேடுக்கு ஒப்புக்கொண்டார். உத்தரவாதம் பில் தேதியிலிருந்து என்பதை இறக்குமதியாளரிடம் உறுதி செய்துகொண்டு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மின்னஞ்சல் வந்தபின்தான் பணம் அனுப்புவேன். கூரியரில் வரவழைக்காமல், மோனோ பதிவுகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு நேரில் போய் வாங்கிவர எண்ணம்.